முழங்கால் உணரியும் மொனராகலை மலையும்

அண்மைக் காலமாக ஞாயிறு இதழ்களிலும் இணையத்திலும் ஒரு வகை விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெரிய தனியார் மருத்துவமனைகள் வெளியிடுபவை அவை. முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சையில் சென்சார் வந்துவிட்டது, இனித் தவறுக்கே இடமில்லை என்ற தோரணை. வெண்ணிறச் சப்பாத்து அணிந்த முதியவர் ஒருவர் கடற்கரையில் ஓடிக்கொண்டிருப்பார். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு ஊரிலுள்ள தாய்க்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். "சென்சார் வைத்துச் செய்கிற இடத்திலேயே செய்வோம் அம்மா, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்கிறார்கள். அவர்களது அன்பில் குறை காண எனக்கு உரிமையில்லை. அந்த அன்பை வைத்து நடக்கும் வாணிபத்தைப் பற்றிப் பேச உரிமையுண்டு.

தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். கணினி வந்தபோது அதை வரவேற்றவர்களுள் ஒருவன். ஆகவே, "கிழவன் புதியதைக் கண்டு மிரள்கிறான்" என்று எவரும் இந்தப் பத்தியை ஒதுக்கிவிட வேண்டாம். அளந்து பார்ப்பது நல்லது என்பதே என் கட்சியும். எதை அளக்கிறோம், எவருடைய முழங்காலை அளக்கிறோம், அளந்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் வழக்கு.

உணரி என்ன செய்கிறது?

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். தேய்ந்த முழங்காலில் தொடை எலும்பின் கீழ் நுனியையும் கணைக்கால் எலும்பின் மேற்பரப்பையும் சீவி எடுத்துவிட்டு உலோக உறைகளைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியான பிளாஸ்திக் தட்டு ஒன்று அமர்கிறது. இன்று உலகெங்கும் செய்யப்படும் முறையின் அடிப்படை 1974இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய மூவருள் ஒருவர் இந்தியாவிற் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத் என்பதை நம்மவர் பலர் அறியார்.

இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் எலும்பை வெட்டுவதில் மட்டும் இல்லை. மூட்டின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் உள்ள இணைப்பு நார்கள் சம அளவில் இறுகி நிற்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் வலி, விறைப்பு, தள்ளாட்டம் எல்லாம் வரும். அந்தச் சமநிலையைச் சத்திர சிகிச்சை நிபுணர் காலை மடக்கியும் நீட்டியும் தம் கையுணர்வால் கணித்து வந்தார். இங்கேதான் உணரி வந்தது. பிளாஸ்திக் தட்டுக்குப் பதிலாக, உணரிகள் பொதிந்த தற்காலிகத் தட்டொன்றைச் சிகிச்சையின் நடுவே வைக்கிறார்கள். இரு பக்கங்களிலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது கம்பியில்லாமல் திரைக்கு வந்துசேர்கிறது. வேறுபாடு 15 இறாத்தலுக்கு உட்பட்டால் மூட்டுச் சமநிலையில் உள்ளது என்பது பரவலாகக் கையாளப்பட்ட அளவுகோல். வேலை முடிந்ததும் அந்தத் தட்டை எடுத்து எறிந்துவிடுவார்கள். ஒருவருக்கு ஒன்று. வெராசென்ஸ் என்ற பெயரில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஓர்த்தோசென்சர் நிறுவனத்தை 2021 ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் என்ற பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது.

இன்னொரு வகையும் உண்டு. 2021 ஓகஸ்டில் அமெரிக்க மருந்து நிருவாகம் அனுமதித்த பர்சோனா ஐகியூ என்ற செயற்கை மூட்டில், உணரி உடலுக்குள்ளேயே நிலையாக இருக்கும். நோயாளி எத்தனை அடி நடந்தார், எவ்வளவு வேகத்தில் நடந்தார், கால் எவ்வளவு மடங்கியது என்பன அவரது வீட்டில் வைக்கப்படும் கருவி ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து இணையம் வழியாக வைத்தியரை அடையும்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை என்பது இத்துறையில் பலகாலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அந்த ஐந்தாமவரை நிறைவுபடுத்த உணரி உதவுமாயின் எவர் வேண்டாம் என்பார்? ஆனால், அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உணரியோடும் மறுபிரிவுக்குக் கையுணர்வோடும் சிகிச்சை செய்தார்கள். உணரி வைத்தவர்களின் மூட்டுச் சமநிலை மேம்பட்டது உண்மை. ஈராண்டுகள் கழித்து நோயாளரைக் கேட்டபோதோ, வலியிலும் நடமாட்டத்திலும் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திரையில் எண் அழகாக அமைந்தது. முழங்காலுக்குரியவர் அதை உணரவில்லை. விளம்பரம் முதலாவதைச் சொல்கிறது, இரண்டாவதைச் சொல்வதில்லை.

உணரி முன்னரே சொன்ன செய்தி

முழங்காலுக்குள் உணரி வைக்கும் வேலை விளம்பரக்காரர்களோடு தொடங்கியதன்று. பெர்லின் நகரத்து சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், உணரி பொதிந்த மூட்டு பொருத்தப்பட்ட ஐந்து நோயாளரின் அன்றாட அசைவுகளை அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் உச்சச் சுமை உடல் எடையின் 261 வீதம். படியேறும்போது 316 வீதம். படி இறங்கும்போது 346 வீதம். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைக் கொல்கிறது என்று அந்தக் கருவிகள் கூறின.

இந்த எண்களை வாசித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்மணி ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஏறுறது கூடப் பரவாயில்லைங்க ஐயா. கூடையோட எறங்குறப்பதான் உசுரு போவுது" என்றார் அந்த அம்மாள். பெர்லின் ஆய்வுகூடம் கண்டறிந்ததை அவர் எந்தக் கருவியுமில்லாமல் முப்பது ஆண்டுகள் மலையில் ஏறியிறங்கி அறிந்திருந்தார். அவரை எவரும் கேட்கவில்லை. நானும் அன்று சம்பளப் பிரச்சினையைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண், பதினைந்து கிலோ கொழுந்தைச் சுமந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். படியில் எடுத்த அளவு மலைச்சரிவுக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் தோராயமாகப் பார்த்தால், ஒவ்வோர் அடியிலும் ஒரு முழங்காலில் 220 கிலோவுக்குக் குறையாத சுமை விழுகிறது. கொழுந்து நிறுக்கும் தராசில் பதிவாகாத நிறை இது.

மொனராகலைப் பக்கம் தேயிலையைவிட இரப்பர்தான் கூடுதல். அங்கே பால் வெட்டுவோர் விடியலுக்கு முன் இறங்கி, இருநூறு முந்நூறு மரங்களைச் சுற்றி வர வேண்டும். மரத்தின் வெட்டு மேலே தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். அடிமரத்தை நெருங்கும் காலத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தி எழும்ப வேண்டும். பிறகு பால் வாளியைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். குந்துதல், முழங்காலிடுதல், சுமையோடு ஏறியிறங்குதல் ஆகியன மூட்டுத் தேய்வை விரைவுபடுத்தும் என்பது தொழில்சார் மருத்துவத்தில் ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று. அப்புத்தளையில் தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் ஸீட்டுக்கு ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் உல்லாசப் பயணிகள் மறுநாள் கால் வலியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறார்கள். அந்த மலையில் நாள்தோறும் ஏறியிறங்கியவர்களின் முழங்காலைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை.

ஜெர்மனியில் 2009இலிருந்து முழங்கால் மூட்டுத் தேய்வு தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. முழங்காலிட்டோ அதற்கொத்த சுமையோடோ வேலை செய்த நேரம் வாழ்நாளில் 13,000 மணியைத் தாண்டியிருந்தால் நட்டஈடு கோரலாம். ஓடு பதிப்போரும் தரை விரிப்போரும் அதனால் பயன் பெற்றார்கள். ஊவா மலைச்சரிவில் ஒரு பெண் உழைக்கும் மணிகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இருநூற்றைம்பது நாள், நாளுக்கு எட்டு மணி, முப்பது ஆண்டு: 60,000 மணி. இதிற் பெரும்பகுதியை நின்றும் நடந்தும் கழித்தார் என்று விலக்கினாலும், அவரது முழங்காலுக்கும் அவரது தொழிலுக்கும் தொடர்பில்லை என்று வாதிட எவராலும் முடியாது. வயது போனால் கால் வலிக்கும்தானே என்று கூறி அனுப்பிவிடுவது மட்டுமே நடக்கிறது.

காசும் தூரமும்

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கவும், வருகைக்கான ஊக்குவிப்பாக அரசு 200 ரூபா சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. சேவைக்காலப் பணத்துக்குரிய 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்கூலி பெறுவோருக்கு ஓராண்டு சேவைக்குப் பதினான்கு நாட் சம்பளம். இறுதிச் சம்பளம் 1,350 என்று கொண்டால், முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவர் கையில் 6,61,500 ரூபா வரும். அதில் மகளின் கல்யாணக் கடன், அடகு வைத்த நகை, லயத்துக் கூரைத் தகரம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் முழங்கால். இரண்டு முழங்கால்.

இந்தியாவில் 2017 ஓகஸ்டில் மத்திய அரசு மூட்டு உள்வைப்புகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,324 இந்திய ரூபாவுக்கு விற்ற சாதாரண வகை மூட்டின் விலை ஒரே அறிவித்தலில் 54,720 ஆக இறங்கியது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தொகை அதுவரை எவருடைய பைக்குள் போயிற்று என்ற கேள்விக்கு விடை கூற விளம்பரக்காரர் எவரும் முன்வரவில்லை. குறைத்த அந்த விலையைக்கூட இலங்கைப் பணத்துக்கு மாற்றினால், தோட்டத் தொழிலாளி நூறு நாட்களுக்கு மேல் பெயர் பதிந்து, ஒரு வேளையும் உண்ணாமல் சேர்த்த சம்பளத்துக்குச் சமம். அதன்மேல், ஒருமுறை வைத்து எறியும் உணரித் தட்டுக்கும் விலை கேட்கிறார்கள்.

நம் நாட்டில் இலவச மருத்துவம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால், தோட்டத்து வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்றும் முற்றுப்பெறவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் வலி மாத்திரை. அங்கிருந்து மொனராகலை வைத்தியசாலை. அங்கிருந்து பசறை வழியாக வளைந்து வளைந்து மலையேறிப் பதுளை. அதற்கும் மேலே கண்டி அல்லது கொழும்பு. மூட்டுத் தேய்ந்தவருக்குப் பேருந்தின் படியே ஒரு மலை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாட்சம்பளம் போகும். துணைக்கு வரும் பிள்ளையின் சம்பளமும் போகும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. முழங்கால் சிகிச்சை உயிர் காக்கும் வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே, இத்தகைய நெருக்கடிகளில் அதுதான் முதலில் தள்ளிப்போகும்.

சிகிச்சை நடந்தாலும் கதை முடிவதில்லை. புதிய மூட்டு மடங்கிப் பழக வாரக் கணக்கில் பயிற்சி வேண்டும். லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கு இடமில்லை. கழிப்பறை வெளியே, படிக்குக் கீழே, பெரும்பாலும் குந்தும் வகை. ஒட்சுபோர்ட்டில் 1998இல் வகுக்கப்பட்ட பன்னிரண்டு கேள்விகள்தான் உலகெங்கும் முழங்காலின் நலத்தை மதிப்பிடப் பயன்படுகின்றன. கடைக்குத் தனியே போய் வர முடிகிறதா என்று அது கேட்கிறது. கூடையோடு மலை இறங்க முடிகிறதா என்று கேட்பதில்லை. வீட்டில் இணையக் கருவி வைத்து அடியெண்ணும் மூட்டுக்கு இந்தக் காம்பராவில் என்ன வேலை?

எதிர்வாதங்கள்

என் வைத்திய நண்பர் ஒருவர் இதை மறுத்தார். "ஏழைக்குப் பழைய முறை, பணக்காரனுக்குப் புதிய முறை என்கிறீரா?" என்றார். நியாயமான கேள்வி. பயன் நிறுவப்பட்ட ஒன்றை ஏழைக்கு மறுப்பது அநீதி. பயன் நிறுவப்படாத ஒன்றை ஏழையின் பெயரால் அரசுப் பணத்தில் வாங்குவதும் அநீதியே.

அவரது இரண்டாவது வாதம் வலுவானது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் மூட்டு மாற்றும் தலைநகர நிபுணருக்குக் கை தேர்ந்திருக்கும். மாகாணத்தில் ஆண்டுக்குச் சிலவே செய்யும் இளம் வைத்தியருக்குத்தான் உணரி உண்மையில் உதவும் என்றார். இருக்கலாம். அப்படியானால் அதைச் சோதிப்போம். ஒரு மாகாண வைத்தியசாலையில் முறையான ஆய்வு நடத்தி, முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். பயன் தெரிந்தால் இதே இடத்தில் நான் ஆதரித்து எழுதுவேன். விளம்பரம் அந்தச் சோதனைக்கு மாற்றாகாது.

பின்தொடராத சிகிச்சை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று போதும். டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டும் ஒரு காலத்தில் புதுமை என்றே விற்கப்பட்டது. 1999இல் தொடங்கிய அவுஸ்திரேலியத் தேசியப் பதிவேடு, அது அளவுக்கு மீறிப் பழுதாவதைக் காட்டிக்கொடுத்தது. 2010 ஓகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுள் சுமார் 3,600 பேரைக் கண்டறியவே முடியவில்லை என்று பின்னர் தெரியவந்தது. பழுதான உலோகம் இடுப்புக்குள் இருக்க, அதை அவர்களுக்குச் சொல்ல ஒரு முகவரி இல்லை. ஒரு குறிப்பேடு அவுஸ்திரேலியாவில் செய்ததை, ஆயிரம் நவீன கருவிகள் இந்தியாவில் செய்யவில்லை.

வேண்டுவது என்ன?

சுகாதார அமைச்சுக்கும், நமது வாக்கில் வென்று பாராளுமன்றத்துக்குப் போன மலையகப் பிரதிநிதிகளுக்கும் என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, மூட்டு உள்வைப்புகளுக்கு உச்ச விலை நிர்ணயித்து, மக்கள் காணும்படி வெளியிட வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபை மருத்துவ சாதனங்களுக்கும் பொறுப்பானது.

இரண்டாவது, மூட்டு மாற்றுக்குக் காத்திருப்போர் எத்தனை பேர், எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். அளப்பதில் அவ்வளவு ஆர்வம் இருந்தால் இந்த வரிசையை முதலில் அளக்கட்டும்.

மூன்றாவது, பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும், அரசு வைத்தியசாலையிலாயினும் தனியாரிலாயினும், தேசியப் பதிவேட்டில் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும். நோயாளிக்கு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் அட்டை கொடுக்க வேண்டும்.

நான்காவது, தோட்டத் தொழிலாளரின் முழங்கால் தேய்வைத் தொழில்சார் நோயாக ஏற்பது பற்றி ஆராய வேண்டும். கம்பனிகளும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும். நிறுக்கும் இடத்தை மலைக்குள்ளேயே பல இடங்களில் அமைப்பதற்கும், வழுக்கும் சரிவுகளில் படி வெட்டுவதற்கும் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

ஐந்தாவது, பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தோட்டங்களுக்குத் தமிழ் பேசும் இயன்முறைச் சிகிச்சையாளர் மாதத்தில் சில நாட்களேனும் நேரில் வர வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயின் சிகிச்சைக்குப் பணம் அனுப்புமுன் வைத்தியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை முழங்கால் செய்கிறீர்கள்? எந்த நிறுவனத்தின் எந்த மூட்டு, விலை என்ன? உணரிக்குத் தனியாக எவ்வளவு, அதனால் என் தாய்க்கு என்ன கூடுதல் பயன்? சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் பயிற்சி கொடுப்பவர் யார்? இவற்றுக்கு நேரான விடை தருபவர் உணரி இல்லாமலும் நல்ல வைத்தியரே. விடை தராதவரிடம் எத்தனை உணரி இருந்தும் பயனில்லை.

மலையகத்தில் பொதுப்பணி செய்யும் நண்பர்கள், தங்கள் தோட்டத்தில் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்போரின் எண்ணிக்கையையும், எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். அமைச்சு வெளியிடும்வரை அந்தப் பட்டியலை நாமே தொடங்குவோம்.